கதாபாத்திரத்தை நம்ப வைப்பது எப்படி: எழுதுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் ஒரு செய்முறை

கதையிலோ மேடையிலோ திரையிலோ ஓர் ஆளை நாம் எப்போது நம்புகிறோம்? அவருக்கு ஏதோ ஒன்று வேண்டும் என்பது தெரிய வேண்டும். அதைப் பெற அவர் தனக்கே உரிய வழியில் முயல்வதும் கண்ணில் பட வேண்டும். எழுதுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் இதுதான் பொது அடித்தளம். குணப் பட்டியல், முன்கதை, நடை உடை பாவனை எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போதுதான் பெரும்பாலான பாத்திரங்கள் செத்துப்போகின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். சாரதா, வயது 58. தம்பி ரகு, வயது 46. மூன்று ஆண்டுகளுக்கு முன் ரகு தொழில் தொடங்கச் சாரதா தன் சேமிப்பைக் கொடுத்தாள். இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். கண் விஷயம் ரகுவுக்குத் தெரியாது. அவள் அவன் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

முதலில் எழுத வேண்டிய ஒரே வாக்கியம்

பெயர், நிறம், உயரம் எதையும் எழுதும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இவருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும், எதற்குள் வேண்டும், கிடைக்காவிட்டால் எதை இழப்பார்?

சாரதாவுக்கு இப்படி எழுதலாம்: “இன்று இந்த வீட்டிலிருந்து கிளம்புவதற்குள் தம்பி தானாகவே பணத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். நான் கேட்டதாக இருக்கக் கூடாது. அவன் பேசாவிட்டால் கண்ணும் போகும், இவ்வளவு நாள் அவனை வளர்த்தேன் என்ற நினைப்பும் போகும்.”

இந்த வாக்கியத்தில் இரண்டு ஆசைகள் மோதுகின்றன. பணம் வேண்டும். ஆனால் கேட்பவளாக ஆகக் கூடாது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பது கடினம். ஒரே ஓர் ஆசை மட்டும் உள்ள பாத்திரம் நேராகப் போய்க் கேட்டுவிடும், காட்சி நான்கு வரியில் முடிந்துவிடும். மோதும் இரண்டாவது ஆசைதான் அந்த ஆளைச் சுற்றி வளைத்துப் பேச வைக்கிறது, தயங்க வைக்கிறது, எழுந்து போய்த் திரும்பி வர வைக்கிறது. நாம் “குணம்” என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சுற்றி வளைப்பில்தான் தெரிகிறது.

எழுதிய வாக்கியம் சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. அந்த ஆசை நிறைவேறிய கணத்தைக் கேமராவில் படம்பிடிக்க முடிய வேண்டும். “அன்பு வேண்டும்”, “நிம்மதி வேண்டும்” என்பவற்றைப் படம்பிடிக்க முடியாது. “தம்பி எழுந்து போய் அலமாரியைத் திறக்க வேண்டும்” என்பதைப் பிடிக்கலாம். பெரிய ஆசை நிம்மதியாகவே இருக்கட்டும். ஆனால் இந்தக் காட்சிக்கு, இந்த அறைக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு இலக்கு வேண்டும்.

பிறகு எதிரில் இருப்பவருக்கும் இதே வாக்கியத்தை எழுதுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரகுவுக்கு: “பணப் பேச்சு வராமலே அக்கா கிளம்ப வேண்டும். ஆனாலும் நான் நல்ல தம்பி என்ற எண்ணத்தோடுதான் கிளம்ப வேண்டும்.” இனி இரண்டு பேரையும் ஒரு அறையில் உட்கார வைத்தால் போதும், காட்சி தானாக நகரும்.

குறிப்பு எழுதுவது: ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்

பாத்திரத்துக்குப் பிடித்த நிறம், பிறந்த ராசி, பள்ளியில் வாங்கிய மதிப்பெண் என்று நூறு கேள்விகள் கொண்ட படிவங்கள் உலவுகின்றன. அவற்றை நிரப்புவது வேலை செய்வது போன்ற உணர்வைத் தரும். கதைக்குள் பெரும்பாலும் எதுவும் வந்து சேராது.

ஒரு பக்கம் போதும். உடல், வேலை, குடும்பத்தில் அவர் இடம், பணநிலை, அவர் உறுதியாக நம்பும் ஒன்று, வெளியே சொல்லாத ஒன்று. ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் “ஆகவே” என்று எழுதி, அதனால் மாறும் ஒரு செயலை எழுதுங்கள். “முப்பது வருடம் கணக்கராக வேலை பார்த்தவள், ஆகவே எந்தத் தொகையையும் வாய்விட்டுச் சொல்லும் முன் மனதில் ஒருமுறை கூட்டிப் பார்ப்பாள்.” “தாய் இறந்தபோது ரகுவுக்கு ஏழு வயது, ஆகவே இன்றைக்கும் அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் அவள் கை தானாக நீளும்.” “ஆகவே”வுக்குப் பிறகு எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்தத் தகவலை அடித்துவிடுங்கள்.

முரண் எங்கிருந்து வர வேண்டும்

மனிதர்களிடம் முரண் உண்டு, எனவே பாத்திரத்திலும் முரண் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு எங்கே நடக்கிறது என்றால், இரண்டு எதிரெதிர் குணங்களை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ரவுடி, ஆனால் பூனைக்குட்டி வளர்க்கிறான். கறாரான ஆசிரியை, ஆனால் ரகசியமாகக் கவிதை எழுதுகிறாள். இப்படி ஒட்டியது ஒட்டியதாகவே தெரியும்.

நம்பக்கூடிய முரணுக்கு ஒரே வேர் இருக்கும். சாரதா சின்னச் செலவுக்குக்கூட ரசீது வாங்கிக் கட்டி வைப்பவள். தம்பிக்குக் கொடுத்த பெருந்தொகைக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. முரண்தான். ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கணக்கு என்பது அந்நியரிடம் வைத்துக்கொள்வது என்று அவள் நம்புகிறாள். அதனால்தான் இன்று பணத்தைப் பற்றிப் பேசுவது தம்பியை அந்நியனாக்குவது போல அவளுக்குப் படுகிறது. முரண் கதையின் நடுநரம்போடு சேர்ந்துவிட்டது. உங்கள் பாத்திரத்தின் இரண்டு பக்கங்களையும் எழுதி, “இரண்டும் எந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருகின்றன?” என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் ஒரு பக்கத்தை மாற்றுங்கள்.

முதல் தோற்றம்

ஆளை அறிமுகம் செய்யும்போது அவர் ஏதோ ஒரு வேலையின் நடுவில் இருக்கட்டும். கண்ணாடி முன் நிற்க வைத்து முகத்தை வருணிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். இரண்டு அல்லது மூன்று விவரங்கள் போதும், அவற்றில் ஒன்றாவது பழகித் தேய்ந்ததாக இருக்கட்டும்: காது உடைந்து நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி, ஒரே பக்கம் தேய்ந்த செருப்பு. தேய்மானத்தில் காலமும் பழக்கமும் சேர்ந்து தெரியும்.

“அன்பானவள்”, “பிடிவாதக்காரி” போன்ற சொற்களை முதல் வரைவில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குக் குறிப்பாக இருக்கும். இரண்டாம் வரைவில் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து, அந்த இடத்தில் ஒரு செயலை வையுங்கள். கதைசொல்லி அந்தப் பாத்திரத்தின் கண்வழியே பார்க்கிறார் என்றால், அவர் எதைக் கவனிக்கிறார் என்பதே குணம்தான். சாரதா அறைக்குள் நுழைந்ததும் புதிய நாற்காலிகளை எண்ணுவாள். ரகுவின் மனைவி வந்திருந்தால் சாரதாவின் கையில் பை இருக்கிறதா, இரவு தங்கப் போகிறாளா என்று பார்ப்பாள். அறை ஒன்றுதான்.

பேச்சு

இதோ முதல் வரைவில் வழக்கமாக வரும் வசனம்:

“தம்பி, மூணு வருஷத்துக்கு முன்னாடி உன் தொழிலுக்கு நான் குடுத்த பணத்தைத் திருப்பிக் குடு. எனக்குக் கண்ணுல புரை வந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்.”

“அக்கா, நீதான் என்னை வளர்த்தே. ஆனா இப்ப என் தொழில் நஷ்டத்துல போகுது.”

தகவல் எல்லாம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. பணம் கொடுத்தது, வளர்த்தது என்று இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை வாசகருக்காகச் சொல்லிக்கொள்கிறார்கள். மறைக்க யாருக்கும் எதுவும் இல்லை. இனி முன்பு எழுதிய இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்ப எழுதலாம்:

“புதுசா ஆள் எடுத்திருக்கியாமே.”

“ஒரே ஒரு பையன்க்கா. அவனும் பாதி நாள் வர்றதில்ல.”

“சம்பளத்தை ஒழுங்கா குடுத்துடு. சின்னப் பசங்க, கேக்கக் கூச்சப்படுவாங்க.”

“அவனா கூச்சப்படுவான்? நேத்துகூட அட்வான்ஸ் கேட்டான்.”

“கேட்டவனுக்குக் குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“ம்.”

கடன் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் இருவரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கூச்சப்படுவது யார் என்பது ரகுவுக்கும் தெரியும், தெரியாதது போலப் பதில் சொல்கிறான். இப்படி எழுத வழி ஒன்று: காட்சியில் சொல்லக் கூடாத ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். இங்கே “கடன்”. அந்தச் சொல் வாயில் வராமல் காட்சியை எழுதி முடியுங்கள். கடைசியில் யாராவது ஒருவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த ஒரு இடத்தில் மட்டும் விடுங்கள். அதுவே உச்சமாகிவிடும்.

தமிழில் நமக்கு இன்னொரு நுட்பமான கருவி இருக்கிறது: விளிக்கும் முறை. நீ, நீங்க, டா, பெயர், உறவுப் பெயர், எதையும் சொல்லாமல் தவிர்ப்பது. ஒரு ஜோடி பாத்திரங்களுக்கு இது தொடக்கத்திலேயே தீர்மானமாக வேண்டும். ரகு அக்காவை எப்போதும் “நீ” என்பவன். நெருக்கடியில், “இப்ப நான் என்ன செய்யணும்கிறீங்க?” என்று அவன் ஒரே ஒருமுறை மாறினால், பத்து வரி விவரணை செய்ய முடியாததை அந்த ஓர் எழுத்து செய்துவிடும். மூன்று முறை மாறினால் பலன் போய்விடும்.

பேச்சுத் தமிழை எழுதும்போது வரும் தொல்லைகள் இரண்டு. எல்லோரும் பாடப்புத்தகம் போலப் பேசுவது ஒன்று. எல்லோரும் ஒரே கொச்சையில் பேசுவது மற்றது. தீர்வு, ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு அடையாளங்களை மட்டும் வைத்து அவற்றை விடாமல் காப்பது. ஒருவர் வாக்கியத்தை முடிக்காமல் விடுவார். ஒருவர் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வார். ஒருவர் எதிராளி சொன்ன கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்லித் தொடங்குவார். எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்துகொள்ளுங்கள்: “வந்துட்டேன்” என்றால் அதே ஆள் அடுத்த பக்கத்தில் “வந்திட்டேன்” என்று சொல்லக் கூடாது. உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டார வழக்கைத் திரைப்படங்களில் கேட்டதை வைத்து எழுதாதீர்கள், அந்த ஊர்க்காரர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். பெயர்களை மறைத்துவிட்டு வசனங்களை மட்டும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். யார் பேசுகிறார் என்று பத்தில் எட்டு முறை சரியாகச் சொன்னால் போதும். பத்துக்குப் பத்து வந்தால் அடையாளங்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

பத்து வழிகள் எழுதி ஏழு வழிகளை அடித்தல்

ஆசையை அடைய ஒரு பாத்திரம் கையாளும் வழிகளைப் பத்து எழுதுங்கள். முதலில் வருபவை யாருக்கும் தோன்றுபவை: கெஞ்சுவது, கோபப்படுவது, அழுவது, பழைய உதவியைச் சொல்லிக் காட்டுவது. அவற்றை அடியுங்கள். ஆறு ஏழுக்குப் பிறகு மூளை சலித்துப்போய் விசித்திரமானவற்றைத் தரத் தொடங்கும். சாரதா வேறு யாருக்கோ தான் கொடுத்த சிறு தொகை திரும்பி வந்த கதையைச் சொல்லலாம். தன்னிடமிருந்த ரசீதுக் கட்டைக் கொண்டுவந்து, “இதையெல்லாம் இனி வச்சு என்ன பண்ணப் போறேன்” என்று அவன் முன்னால் கிழிக்கலாம். போகும்போது குழந்தைகளிடம் பணம் கொடுத்து, தன்னிடம் இருப்பதே அவ்வளவுதான் என்று தம்பி பார்க்கும்படி பர்ஸைத் திறந்து காட்டலாம். இந்த மூன்றும் அவளுடையவை. இவற்றை நெருக்கடி ஏறும் வரிசையில் அடுக்குங்கள். முதல் வழி தோற்ற பிறகுதான் இரண்டாவது வர வேண்டும், தோற்றதை அவள் உணரும் ஒரு கணமும் இடையில் வேண்டும்.

பாத்திரம் மாறுகிறது என்று காட்ட, ஒத்த சூழ்நிலையை இரண்டு முறை வையுங்கள். தொடக்கத்தில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிட்டவள், இறுதியில் அதே கடையில் கையை நீட்டி நின்றால் போதும். “அவள் மாறிவிட்டாள்” என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதே காட்சியை ரகு தன் நண்பனிடம் சொல்வதாகப் பதினைந்து வரி எழுதிப் பாருங்கள். அந்தப் பதினைந்து வரியில் நீங்கள் ரகு பக்கம் சாயவில்லை என்றால், அவனை இன்னும் நீங்கள் படைக்கவில்லை. சிறு பாத்திரங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. கதவைத் திறந்துவிடும் பையனுக்கும் அந்த நேரத்தில் தனக்கென்று ஒரு வேலை இருந்தால் போதும்.

நடிப்பவர் பிரதியைப் படிக்கும் முறை

முதல் இரண்டு முறை பேனா இல்லாமல், ஒரே மூச்சில் படியுங்கள். முதல் வாசிப்பில் உங்களை எது தொட்டதோ அதை மட்டும் பிறகு எழுதி வையுங்கள். பத்தாவது ஒத்திகையில் எல்லாம் மரத்துப்போகும், அப்போது பார்வையாளர் எதை முதல்முறை உணரப் போகிறார் என்பதற்கு அந்தக் குறிப்பு ஒன்றுதான் சாட்சி.

மூன்றாவது வாசிப்பில் நான்கு பட்டியல்கள்: பிரதி உறுதியாகத் தரும் தகவல்கள், என் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்பவை, மற்றவர்கள் என்னைப் பற்றிச் சொல்பவை, நான் மற்றவர்களைப் பற்றிச் சொல்பவை. சொல்லப்பட்டவை எல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ரகு “அக்காவுக்கு என்ன குறை, ராணி மாதிரி இருக்கா” என்று சொல்வது சாரதாவைப் பற்றிய தகவல் அன்று, ரகுவின் குற்றவுணர்ச்சியைப் பற்றிய தகவல். பட்டியல்கள் ஒன்றோடொன்று எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கேதான் நடிக்க இடமிருக்கிறது.

பிறகு காட்சியைத் துண்டு போடுங்கள். பாத்திரம் தன் வழியை மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு. இரண்டு நிமிடக் காட்சியில் நான்கிலிருந்து ஏழு துண்டு இயல்பு. இருபது கோடு விழுந்தால் நீங்கள் வழி மாறுவதைக் குறிக்கவில்லை, வசனம் மாறுவதைக் குறித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வினைச்சொல் எழுதுங்கள், அது எதிராளியின்மேல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்: சீண்டுகிறேன், தடவிக்கொடுக்கிறேன், ஆழம் பார்க்கிறேன், வெட்கப்பட வைக்கிறேன், துரத்துகிறேன். “சோகமாக இருக்கிறேன்” என்று எழுதினால் கவனம் தன் மேலேயே திரும்பும், உடம்பு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். “சம்பளத்தை ஒழுங்கா குடுத்துடு” என்ற வரியை ஒருமுறை “எச்சரிக்கிறேன்” என்றும், ஒருமுறை “கெஞ்சுகிறேன்” என்றும், ஒருமுறை “பொறி வைக்கிறேன்” என்றும் சொல்லிப் பாருங்கள். குரலை நீங்கள் திட்டமிட வேண்டியதே இல்லை, வினை மாறியதும் அது தானாக மாறும்.

வசனத்தை மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கம் இல்லாமல், தட்டையாகப் பதிய வையுங்கள். மாடுலேஷனோடு மனப்பாடம் செய்தவர் எதிராளி எப்படிச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார், ஏனென்றால் அவர் கேட்பதில்லை, தன் முறைக்காகக் காத்திருக்கிறார். ஒத்திகையில் ஒருமுறை, எதிராளியின் வசனத்தில் எந்தச் சொல் உங்களைப் பேச வைக்கிறது என்று தேடி அடிக்கோடிடுங்கள். அது பெரும்பாலும் கடைசிச் சொல்லாக இருக்காது. அந்தச் சொல்லிலேயே மூச்சை இழுத்துவிட்டால், இடைவெளி இயல்பாக அமைந்துவிடும்.

காட்சிக்குள் நுழையும் முன் ஒரு நிமிடம் எங்கே இருந்தோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாரதா படியேறி வந்தாளா? வாசலில் காத்திருந்தாளா? மூச்சு, கைகளின் வெப்பம், பையைப் பிடித்த விதம் எல்லாம் அங்கிருந்து வருகின்றன.

உணர்ச்சியை நடிக்காமல் காரணத்தை நடிப்பது

மிகைநடிப்பு என்று நாம் சொல்வதில் பாதி, காரணத்தை விட்டுவிட்டு உணர்ச்சியை மட்டும் காட்ட முயல்வதால் வருவது. இதில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்றைக்கும் பயன்படும் நூற்பகுதி. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று 8 மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களாக நான்கு நான்கைக் கொடுக்கிறது, மொத்தம் 32. அழுகைக்கு அது சொல்பவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபட்டதால் வரும் அழுகை, இழந்ததால் வரும் அழுகை, முன்பிருந்த நிலை குலைந்ததால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை.

நடிகருக்கு இது எவ்வளவு கைகொடுக்கிறது பாருங்கள். சாரதா அழ வேண்டும் என்று பிரதி சொல்கிறது. எந்த அழுகை? இளிவு என்றால் முகத்தை மறைப்பாள், அறையை விட்டுப் போக வழி தேடுவாள், குரல் கட்டும். இழவு என்றால் கை எதையாவது பற்ற நீளும். அசைவு என்றால் பழைய சாரதாவின் தோரணையை விடாமல் பிடித்துக்கொண்டே உடைவாள். என் கணிப்பில் இந்தக் காட்சிக்கு இளிவுதான். கண் போவதைவிடக் கேட்க நேர்ந்ததுதான் அவளைச் சுடுகிறது. “அழு” என்ற கட்டளையால் கிடைக்காத தெளிவு இந்த ஒரு தேர்வில் கிடைத்துவிடுகிறது. கோபத்துக்கும் அச்சத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொரு விதி, விதிவிலக்கு மிகக் குறைவு: மனிதர்கள் உணர்ச்சியை அடக்கத்தான் முயல்கிறார்கள். அழுபவர் அழாமலிருக்கப் பார்க்கிறார். குடித்தவர் நேராக நடக்கப் பார்க்கிறார். முதியவர் வலியைக் காட்டாமல் எழுந்திருக்கப் பார்க்கிறார். அந்த முயற்சியை நடியுங்கள். முயற்சி எங்கே தோற்கிறதோ அதைப் பார்வையாளர் தாமே பிடித்துக்கொள்வார்.

சொந்த வாழ்க்கையின் துயரத்தை நினைத்துக்கொண்டு அழுவது பற்றி ஒரு எச்சரிக்கை. 1898இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி உணர்ச்சி நினைவைப் பயிற்சியாக்கியவர். ஆனால் 1938இல் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் உடற்செயல்களிலிருந்து தொடங்கும் முறைக்கு அழுத்தம் கொடுத்தார். அதில் நடைமுறை ஞானம் இருக்கிறது. நினைவு நாளுக்கு நாள் வெளுக்கும், முப்பதாவது காட்சியில் கைவிட்டுவிடும். ஆறாத காயத்தைத் தொட்டால் வீடு வரை கூட வரும். பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்ப்பது போன்ற ஒரு செயலைக் காரணத்தோடு செய்தால், அது ஒவ்வொரு முறையும் கிடைக்கும்.

உடம்பும் பழக்கமும்

இயக்கத்தை ஆராய்ந்த ருடால்ஃப் லாபன் (1879–1958) வகுத்த முறை எளிதானது. எந்த அசைவுக்கும் மூன்று கேள்வி: வலுவா மென்மையா, திடீரென்றா நிதானமாகவா, நேராகவா சுற்றியா? பதில்களைச் சேர்த்தால் எட்டு வகை வரும்: குத்துதல், வீசுதல், அழுத்துதல், முறுக்குதல், தொட்டெடுத்தல், சுண்டுதல், வழுக்கிச் செல்லுதல், மிதத்தல். பாத்திரத்துக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு கதவு திறப்பது, உட்காருவது, துணி மடிப்பது என்று பத்து நிமிடம் செய்து பாருங்கள். சாரதா மென்மை, நிதானம், சுற்றி: மிதத்தல். கடன் என்ற சொல் வெளிவரும் கணத்தில் மட்டும் அது தொட்டெடுத்தலாக மாறலாம். மென்மையாகவே, ஆனால் திடீரென்று, நேராக. ரகுவோ அழுத்துபவன்.

உடற்குறையை நடிக்கும்போது அந்தக் குறை உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்புரை உள்ளவர் கையை நீட்டித் துழாவிக்கொண்டு நடப்பதில்லை. பார்வை மங்கலாகிறது, நிறங்கள் வெளிறுகின்றன, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, எதிரொளி கூசுகிறது, இரவில் சிரமம் கூடுகிறது. எனவே சாரதா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். படிக்க நல்ல வெளிச்சம் தேடுவாள், ஆனால் நேர் வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்புவாள். பழகிய படியில் வேகமாகவும், புதிய வீட்டின் படியில் ஒரு நொடி தாமதித்தும் இறங்குவாள். ரகு கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் இவற்றுக்கெல்லாம் வேறு காரணம் கற்பிப்பாள். இந்த மறைப்புதான் நடிக்கத் தக்கது.

பழக்க அசைவுகளில் ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. காட்சி முழுக்க வராமல் அழுத்தம் கூடும்போது மட்டும் வரட்டும். கையில் எடுக்கும் பொருளை முதல் வாரத்திலிருந்தே வைத்து ஒத்திகை பாருங்கள். கடைசி நாளில் கைக்கு வரும் மூக்குக்கண்ணாடி அந்நியமாகவே தெரியும்.

மேடை, கேமரா

மேடையில் கடைசி வரிசைக்கு எண்ணம் போய்ச் சேர உடம்பும் மூச்சும் பெரிதாக வேண்டும். க்ளோஸ்-அப்பில் கண் அசைவே பெரிது, அங்கே எண்ணத்தை “காட்ட” முயன்றால் உடனே தெரிந்துவிடும், எண்ணினால் போதும். அடிக்கடி இமைப்பதும் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதும் திரையில் பாத்திரத்தின் உறுதியைக் குறைக்கும்.

திரையில் இன்னொரு சிக்கல், காட்சிகள் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. இறுதிக் காட்சியை முதல் நாளே எடுக்கலாம். எனவே ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள். காட்சி எண், அதுவரை பாத்திரத்துக்குத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, உடல் களைப்பு ஒன்றிலிருந்து பத்துக்குள், முந்தைய காட்சி எப்படி முடிந்தது. படப்பிடிப்பு நாளில் இது மனநிலையை நினைவுகூர்வதைவிட நம்பகமானது. எந்தச் சொல்லில் கண்ணாடியைக் கழற்றினோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஷாட்டில் வேறு சொல்லில் கழற்றினால் எடிட்டிங்கில் உங்கள் சிறந்த டேக் வெட்டுப்படும்.

வேடத்தைக் கழற்றும்போது பாத்திரத்தின் நடையையும் கழற்றிவிட்டு வாருங்கள்: உடை மாற்றி, கை கால்களை உதறி, சொந்தக் குரலில் யாரிடமாவது சாதாரண விஷயம் ஒன்றைப் பேசுங்கள். கனமான பாத்திரத்தை வாரக்கணக்கில் செய்பவருக்கு இந்த ஐந்து நிமிடம் ஒத்திகையின் பகுதிதான்.

சரிபார்ப்பது

எழுதியதைப் படித்தவரிடமோ ஒத்திகை பார்த்தவரிடமோ “நன்றாக இருந்ததா?” என்று கேட்காதீர்கள். பதில் மரியாதையாக வரும், பயன்படாது. கதையில் இல்லாத ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்: சாரதா பேருந்தில் போகிறாள், நடத்துநர் சில்லறை தராமல் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார், என்ன செய்வாள்? மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். மூவரும் தயங்காமல் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பதில் சொன்னால் ஆள் உருவாகிவிட்டாள். ஆளுக்கொரு பதில் வந்தால், முதலில் எழுதிய அந்த வாக்கியத்தில் “எதை இழப்பார்” என்ற பகுதி இன்னும் மங்கலாக இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுக் காட்சியை மறுபடி எழுதுங்கள். மூவரும் “தெரியவில்லையே” என்றால் பத்து வழிகள் பட்டியலுக்குத் திரும்பிப் போய், யாருக்கும் தோன்றும் வழி எது அடிபடாமல் தங்கிவிட்டது என்று தேடுங்கள்.